மாசன் நின்ற பாறை

ரங்கி தன்னை யாருக்கும் குரு என்று சொல்லிக்கொண்டதில்லை. சொல்லியிருந்தால் மலையே சிரித்திருக்கும். தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் கைவிட்டுப் போன ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஓர் அச்சு இயந்திரம், படம் வெட்டி ஒட்ட ஒரு கம்ப்யூட்டர், திரை கட்ட ஒரு வெள்ளை வேட்டி. அவளுடைய ஆசிரமம் அவ்வளவுதான். அங்கிருந்து கதைப் புத்தகங்களும் சின்னச் சின்னப் படங்களும் வந்தன. எல்லாம் அவர்களுடைய மொழியில்.

கீழே இருப்பவர்கள் அந்த மொழியை மலைப்பேச்சு என்றார்கள். மலையில் இருப்பவர்களுக்கு அது வெறும் பேச்சு. அதற்கு எழுத்து கிடையாது. ரங்கி தமிழ் எழுத்தையே எடுத்துக்கொண்டு, போதாத இடத்தில் ஒரு புள்ளி சேர்த்து அச்சடித்தாள். பேசுகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். பெரியவர்கள் பேசினார்கள், நடுவயதுக்காரர்கள் கேட்டுப் புரிந்துகொண்டார்கள், பிள்ளைகள் "என்னம்மா சொல்ற?" என்று தமிழில் கேட்டார்கள்.

ரங்கியிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவன் நஞ்சன். டவுனில் பல வருஷம் கல்யாண வீடியோ எடுத்தவன். மணப்பெண் கண் கலங்குகிற நொடியைத் தவறாமல் பிடிப்பான் என்று பேர் வாங்கியிருந்தான். வயதில் ரங்கியைவிட மூத்தவன், உறவில் அவள் அவனுக்கு அண்ணி. அதனால் குருவுக்கு மரியாதை கொடுப்பதில் அவனுக்குச் சிரமம் இருக்கவில்லை.

மழைக்காலம் முழுக்க அவன் கேமராவும் கையுமாக வீடு வீடாக அலைந்தான். ஒருநாள் காலையில் ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க் டப்பாவைக் கொண்டுவந்து ரங்கியின் மேஜைமேல் வைத்தான்.

"நம்ம மலையில இருக்கற கதை எல்லாம் இதுல இருக்குங்கண்ணி. ஒரு காப்பி இங்க, ஒரு காப்பி டவுன்ல. இனி யார் போனாலும் கதை போகாது. பத்திரம்."

ரங்கி டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"கனமே இல்லையே" என்றாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. வழிக்கதை."

வழிக்கதை என்பது அவர்களுடைய முன்னோர் மலையேறி வந்த கதை. எந்த ஓடையில் தண்ணீர் குடித்தார்கள், எந்தப் பாறையில் யார் பிறந்தார்கள், எந்த மரத்தடியில் யாரைப் புதைத்தார்கள் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போகும். அதை முழுசாகத் தெரிந்தவர் மாசன் ஒருவர்தான். நஞ்சனுக்குத் தாய்மாமன். அவருக்குத் தொண்டையில் கட்டி. அடுத்த வாரம் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். உயிர் நிற்கும், குரல் நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"மாமா சொல்ல மாட்டேங்கறாரு" என்றான் நஞ்சன். "கெஞ்சிப் பாத்துட்டேன். கால்ல விழுந்தும் பாத்துட்டேன். நீங்க சொன்னா கேப்பாரு."

"ஏன் மாட்டேங்கறாரு?"

"மொதல்ல குடுத்ததைத் திருப்பிக் குடுங்கறாரு."

ரங்கி தலையாட்டினாள். அது அந்த மலையின் வழக்கம். ஒருவர் ஒரு கதை சொன்னால், கேட்டவர் அடுத்த முறை வரும்போது அதே கதையைச் சொன்னவருக்கே திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் அடுத்த கதை. மற்ற வீடுகளில் நஞ்சன் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைவதைப் பார்த்து, பாவம் என்று விட்டுவிட்டார்கள். மாசன் விடுகிற ஆள் இல்லை.

"உனக்கு என்ன கதை குடுத்தாரு?"

"முள்ளம்பன்றிக் கதை. சின்னதுதான்."

"திருப்பிக் குடுக்க வேண்டியதுதானே?"

"குடுத்தேனுங்க! லேப்டாப்பை எடுத்துட்டுப் போய் முழுசும் போட்டுக் காட்டினேன்."

"என்ன சொன்னாரு?"

நஞ்சன் தரையைப் பார்த்தான்.

"கடைசி வரைக்கும் கேட்டாரு. 'நல்லாத்தான் சொல்லியிருக்கேன். இப்ப நீ சொல்லு'ன்னாரு."

ரங்கி சிரித்துவிட்டாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"சொன்னியா?"

"இல்லீங்க."

"ஏன்?"

அவன் டப்பாவை எடுத்துத் துடைத்தான்.

நஞ்சனுக்குப் பேச்சு ஒரு வார்த்தை விடாமல் புரியும். வாயில்தான் வராது. சின்ன வயதிலேயே அவனைக் கீழே ஹாஸ்டலில் விட்டார்கள். போன முதல் நாள் அவன் மலைப்பேச்சில் தண்ணீர் கேட்டான். மற்ற பையன்கள் அதை அவனைப் போலவே சொல்லிக் காட்டி, அந்த வருஷம் முழுக்கச் சிரித்தார்கள். அன்றைக்கு மூடிய வாய். கல்யாண மண்டபத்தில் அத்தனை பேர் நடுவில் "இப்படித் திரும்புங்க சார்" என்று மாப்பிள்ளையை அதட்டுகிறவன், சொந்த மாமன் முன்னால் நாலு வார்த்தை பேச வெட்கப்பட்டான். வெட்கத்தை ஒளித்துவைக்க கேமரா நல்ல இடம். கண்ணை அதில் வைத்துக்கொண்டால் வாய்க்கு வேலை இல்லை.

"அண்ணி, ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றான். "நான் பேசினா என்ன, பேசாட்டி என்ன? கதை அழியக் கூடாது, அவ்வளவுதானே? அதுக்குப் பண்ண வேண்டியதை எல்லாம் பண்ணியாச்சு. அப்புறம் எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

ரங்கி எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துவந்தாள். அட்டை பளபளவென்று இருந்தது.

"நான் மொத மொதல்ல அச்சடிச்சது. கீழ ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குடுத்தேன். நம்ம பிள்ளைங்க நெறைய படிச்ச பள்ளிக்கூடம். ஹெட்மாஸ்டருக்கு அவ்வளவு சந்தோஷம். பிள்ளைங்க தொட்டா அழுக்காயிடும்னு பீரோவுல வச்சுப் பூட்டினாரு. ரிட்டயர் ஆகறப்ப என்னைக் கூப்பிட்டுத் திருப்பிக் குடுத்தாரு. மோந்து பாரு."

நஞ்சன் முகர்ந்தான். புதுப் புத்தக வாசம் அப்படியே இருந்தது.

"ரொம்பப் பத்திரமா வச்சிருந்திருக்காருங்க" என்றான், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

"ஆமா" என்றாள் ரங்கி. "ஞாயித்துக்கிழமை அந்த முள்ளம்பன்றிப் படத்தைப் போடலாம். எல்லாரையும் கூப்பிடு. உன் மாமாவையும் கூப்பிடு."

ஞாயிறு சாயங்காலம் கொட்டகை நிறைந்துவிட்டது. மாசன் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பின்னால் பெண்கள். அவர்களில் சிக்கி என்பவள் தன் பிள்ளைகளிடம் தமிழ்தான் பேசுவாள். பேச்சு பேசினால் பஸ்ஸில்கூட மதிக்க மாட்டார்கள் என்பது அவள் கட்சி.

படம் ஓடத் தொடங்கியது. வேட்டித் திரையில் மாசன் பெரிதாக வந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

நஞ்சன் ஸ்பீக்கரிடம் ஓடினான். அதன் பக்கத்தில் ரங்கி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பிடுங்கிய ஒயர் அவள் மடியில் இருந்தது.

"அண்ணி, ஒயரு..."

"நான்தான் புடுங்கினேன்."

"குடுங்க!"

"உனக்குத்தான் கதை தெரியுமே. போய்ச் சொல்லு."

"எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிப்பாங்க" என்றாள் ரங்கி.

அவன் அவளை எரித்துவிடுவதுபோல் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான். மாசனின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கை பேசியது, கண் பேசியது, குரல் இல்லை. கொட்டகையில் சலசலப்பு அடங்கியது. ஆபரேஷனுக்கு அப்புறம் இவர் இப்படித்தான் இருப்பார் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். முதல் வரிசையில் மாசன், சத்தமில்லாமல் அசைகிற தன் வாயைத் தானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நஞ்சன் போய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றான்.

"ஒரு முள்ளம்பன்றி இருந்துச்சு" என்று பேச்சில் தொடங்கினான்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் காது சிவந்தது. ஆனால் நிறுத்தவில்லை. அந்தக் காலத்தில் முள்ளம்பன்றிக்கு முதுகில் வெறும் மயிர்தான் இருந்தது. தேனடையைக் குத்தி எடுக்க முள் வேண்டும் என்று மூங்கில் புதரிடம் போய் இரவல் கேட்டது. நாளைக்கே திருப்பித் தருகிறேன் என்றது. கதை பாதி பேச்சிலும் பாதி தமிழிலுமாக நொண்டி நொண்டி நடந்தது. கரடி வர வேண்டிய இடத்தில் அவன் தேனீக்களைக் கொண்டுவந்துவிட்டான்.

"கரடி! மொதல்ல கரடி!" என்று பின்னாலிருந்து கத்தினாள் சிக்கி. பேச்சில்தான் கத்தினாள். அவள் பிள்ளைகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி, தேனீ எல்லாம் கூட்டுக்குப் போங்க, கரடி வரட்டும்" என்றான் நஞ்சன்.

கொட்டகை வெடித்துச் சிரித்தது. அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அவன் தடுக்கிய இடத்திலெல்லாம் யாராவது ஒரு சொல்லை எடுத்துக்கொடுத்தார்கள். திரையில் இருந்த மாசன் எப்போதோ சொல்லி முடித்துவிட்டார். வேட்டி வெறும் வெள்ளையாக ஒளிர்ந்தது. நஞ்சன் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தான். மூங்கில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனது. முள்ளம்பன்றி நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டது. கடைசியில் இரவல் வாங்கிய முள் அதன் முதுகிலேயே வேர்விட்டு நின்றுவிட்டது.

முடித்தபோது சட்டை நனைந்திருந்தது. மாசன் எழுந்தார். மஃப்ளரைத் தளர்த்திக்கொண்டு, கரகரத்த குரலில் சொன்னார்.

"கேவலமா சொன்னே."

கொட்டகை மறுபடி சிரித்தது.

"காலையில வா" என்றார் மாசன். "செருப்புப் போடாத. நெறைய நடக்கணும்."

மறுநாள் நஞ்சன் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். ரங்கி கையை நீட்டினாள்.

"அதைக் குடு."

அவன் முகம் செத்துப்போனது. "அண்ணி, வேண்டாம்னு மட்டும் சொல்லாதீங்க. இதை விட்டா மறுபடி கெடைக்காது."

"யாரு வேண்டாம்னு சொன்னது? ஒரு நொடி விடாம எடுக்கணும். நான் எடுக்கறேன். நீ கேளு."

மாசன் முன்னால் நடந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் நஞ்சன். ரங்கி சில நேரம் பின்னால், சில நேரம் ஓடிப்போய் முன்னால். மாசன் ஓடைக்கு ஓடை நின்று ஒரு வாய் தண்ணீரைச் சிரமப்பட்டு விழுங்கிவிட்டுத் தொடர்ந்தார். வலித்தது. வலிக்கிறது என்று அவர் சொல்லவில்லை, கழுத்து நரம்பு சொன்னது. "மாமா, கொஞ்சம் உக்காந்து போலாம்" என்றான் நஞ்சன். அவர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த பாறைக்குப் போனார். உச்சிக்குப் போய்க் கதையை முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அவர் குரல் வெறும் காற்றாகியிருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாசன் பிழைத்து வந்தார். குரல் வரவில்லை.

ரங்கி வழிக்கதையை எழுத்தில் கோத்துக்கொண்டிருந்தாள். நஞ்சன் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. குளிக்கும்போதும் பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் எதையோ முணுமுணுத்துக்கொண்டே திரிந்தான். கல்யாண ஆர்டர் கொடுக்க வந்த ஒரு வீட்டார் பயந்துபோய் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். நகரத்தில் படவிழா நடத்துகிறவர் ஒருவர் ஃபோன் செய்தார். வழிக்கதைப் படத்தைச் சீக்கிரம் அனுப்பினால் முதல் நாளே போடலாம் என்றார்.

"இன்னும் திருப்பிக் குடுக்கல சார்" என்றான் நஞ்சன்.

"யாருக்கு?"

"கதை சொன்னவருக்கு."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஃபோனை வைத்துவிட்டார். நஞ்சன் அதை ரங்கியிடம் சொன்னான். ரங்கி அச்சுத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் "எது வரைக்கும் வந்திருக்கே?" என்று கேட்டாள். "ரெண்டாவது ஓடை தாண்டியாச்சுங்க" என்றான். "சரி" என்றாள்.

காயம் ஆறியதும் ஒரு காலையில் நஞ்சன் மாசனின் வாசலில் போய் நின்றான்.

"மாமா, திருப்பிக் குடுக்க வந்திருக்கேன்" என்றான், பேச்சில்.

மாசன் கம்பை எடுத்துக்கொண்டு இறங்கினார். விஷயம் எப்படியோ பரவிவிட்டது. வழியில் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். சிக்கி பிள்ளைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். ரங்கி கேமராவோடு வந்தாள்.

இந்த முறை நஞ்சன் சொல்ல, மாசன் முன்னால் நடந்தார். கதை சரியாக இருந்தால் நடந்தார். தப்பாக இருந்தால் நின்றார். திரும்பிப் பார்ப்பதில்லை, கையால் காட்டுவதும் இல்லை. வெறுமனே நிற்பார். நஞ்சன் யோசித்துத் திருத்துவான். கால் மறுபடி நகரும்.

மலையில் பாதிக்கு மேலே ஒரு தட்டைப் பாறை இருக்கிறது. ஏறிவந்த கூட்டத்தில் ஒருத்திக்கு அங்கே இடுப்பு வலி கண்டது. மழை வருகிறது, என்னை விட்டுவிட்டுப் போங்கள் என்றாள். யாரும் போகவில்லை. பாறையைச் சுற்றி நெருக்கமாக நின்று, மழையைத் தங்கள் முதுகில் வாங்கிக்கொண்டார்கள். குழந்தை பிறந்தது. அவள் பிழைக்கவில்லை. இன்றைக்கு மலையில் இருப்பவர்களில் பாதிப்பேர் அந்தக் குழந்தையின் வழி வந்தவர்கள். நஞ்சன் இதையெல்லாம் ஒரு தமிழ் வார்த்தை கலக்காமல் சொன்னான். சொல்லும்போது அவனுக்கே கண் நிறைந்துவிட்டது.

மாசன் நடக்கவில்லை.

நஞ்சன் மறுபடி சொன்னான். மழை சரிதான். குழந்தை சரிதான். மாசன் அப்படியே நின்றார்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவள் பெயரைச் சொல்லவில்லை. எவ்வளவு தேடியும் பெயர் வரவில்லை. சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். சிக்கி உதட்டைப் பிதுக்கினாள். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஓடி ஓடிப் படம் எடுத்த அவசரத்தில் ரங்கி காதிலும் அது விழவில்லை, அவள் எழுத்தில் கோத்ததும் இன்னும் இந்தப் பாறை வரை வரவில்லை. பாதிப்பேர் அவள் பிள்ளைகள், அதில் ஒருவருக்கும் அவள் பெயர் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு எழுதவும் தெரியாது.

நஞ்சன் தயங்கித் தயங்கி ரங்கியிடம் வந்தான்.

"அண்ணி, அன்னைக்கு நீங்க எடுத்ததுல இருக்கும். ஒரே ஒரு தடவை போட்டுப் பாத்துக்கட்டுங்களா? தப்புன்னா வேண்டாம்."

"தப்பா?" ரங்கிக்குக் கோபமே வந்துவிட்டது. "பின்ன எதுக்கு நான் மலை முழுக்க மூச்சு வாங்க ஓடி ஓடி எடுத்தேன்? போட்டுப் பாரு!"

அன்றைய பதிவை அவள் கேமராவிலேயே வைத்திருந்தாள். நஞ்சன் தேடிப் பிடித்தான். அந்தச் சின்ன ஸ்பீக்கரிலிருந்து காற்றும் மூச்சிரைப்புமாக மாசனின் குரல் வந்தது.

"...என்னை விட்டுட்டுப் போங்கன்னா. யாரும் போகல. அவ பேரு கெம்பி."

முன்னால் நின்ற முதுகு அசைந்தது. மாசன் திரும்பினார். இல்லாமல் போன தன் குரலை நடு மலையில் கேட்ட மனிதரின் முகத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. சிக்கி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மாசன் கேமராவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நல்லாத்தான் சொல்லியிருக்கேன் என்பதுபோல் தலையை ஆட்டினார். பிறகு நஞ்சனைப் பார்த்து மோவாயைத் தூக்கினார்.

"கெம்பி" என்றான் நஞ்சன், மெல்ல.

மாசன் அசையவில்லை.

"அவ பேரு கெம்பி!" என்றான் நஞ்சன், மலைக்கே கேட்கும்படி. பின்னால் நின்றவர்களும் சொன்னார்கள். சிக்கியின் பிள்ளைகள் எல்லோருக்கும் கடைசியாக, எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார்கள்.

மாசன் திரும்பி நடக்கத் தொடங்கினார்.

நஞ்சன் கேமராவை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றான். அவனுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது.

"அண்ணி, படம் இருக்கு. புத்தகமும் அடிச்சிருவீங்க. எனக்கும் முக்காவாசி வந்துருச்சு. இனிமே பத்திரம்தானுங்களே?"

ரங்கி அவன் கையிலிருந்து கேமராவை வாங்கிக்கொண்டாள். மேலே பார்த்தாள். மாசன் வழி திரும்புகிற இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

"அவரு போயிட்டே இருக்காரு. பின்னால கதை சொல்ல ஆள் இல்ல. ஓடு."